மதியின் இடது காது

14 ஜூன் 1981, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிவிட்டு மௌலாலிப் பக்கம் போய்விட்டது. கூலருக்குத் தண்ணீர் சுமந்தே இடுப்பு போயிற்று.

செய்ய வேண்டியது: ஸ்கூட்டர் பிளக். கூலருக்குப் புதுத் தட்டி. மதிக்குக் கல்லூரிக்குப் போட சல்வார் துணி (தாவணி வேண்டாமாம்). தோல் டாக்டர்.

கடைசியில் எழுதியதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மதிக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே காது குத்தியாயிற்று. கான்வென்டில் நகை கூடாது என்றதால் ஓட்டை தூர்ந்துவிட்டது. பெரியவளானபோது, மாமன் கொண்டுவந்த தோட்டைப் போட்டே ஆகவேண்டும் என்று செகந்திராபாத் பத்தரிடம் மறுபடி குத்தினோம். வலது காது சமர்த்தாக ஆறிவிட்டது. இடது காது மடலுக்குப் பின்னால் ஒரு கடுகு. பிறகு மிளகு. பிறகு சுண்டைக்காய். போன வருஷம் ஒரு நர்சிங் ஹோமில் அறுத்து எடுத்தார்கள். இப்போது இருப்பது நெல்லிக்காய். வழவழவென்று, பளபளவென்று, அவள் நிறத்தை விடக் கறுத்து. அரிக்கிறதாம். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை.

வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். தெலுங்கில் பதில் வந்தது.

"வத்தண்டே வத்து."

வேண்டாம் என்றால் வேண்டாமாம். இவள் தமிழில் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

அவள் அம்மா செ.யும் சேர்ந்துகொண்டாள்: "ஏட்டி, அப்பா சொல்லுதாகள்லா. முடிய ஒதுக்கிக் காட்டேன்."

காட்டவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். வாசலில் காயப்போட்ட மாங்காய்த் துண்டுகளைக் காக்கை கொத்திவிட்டது. அதற்கும் திட்டு எனக்கு.

16 ஜூன், செவ்வாய்

அரை நாள் லீவு. பெரிய ஆஸ்பத்திரி, தோல் பிரிவு. மதி வந்தாள், "காட்டத்தான் வருவேன், தொட விடமாட்டேன்" என்ற ஒப்பந்தத்தின் பேரில். பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா தெலுங்குக்காரர், என் வயது இருக்கும். கறார். ஆனால் மதியிடம் கேட்டுவிட்டுத்தான் முடியை ஒதுக்கினார். அது எனக்குப் பிடித்தது.

தடித்த தழும்பு இரண்டு வகை என்றார். ஒன்று, காயத்தின் எல்லைக்குள்ளேயே தடிப்பது. பெரும்பாலும் நாளாவட்டத்தில் தானாக அமுங்கும். மற்றது எல்லையைத் தாண்டி வளர்வது. அதற்கு கீலாய்ட் என்று பெயர். மதிக்கு இரண்டாவது.

"காயம் ஆறிவிட்டது என்று இந்தத் தோலுக்கு யாரும் சொல்லவில்லை. அது இன்னும் ஆற்றிக்கொண்டே இருக்கிறது," என்றார்.

எங்கள் லேப் பிளாண்டில் அழுத்தம் கூடினால் வால்வு தானாகத் திறந்துகொள்ளும். தோலுக்குள் அப்படி ஒன்றை வைக்கப் படைத்தவன் மறந்துபோனான் போலிருக்கிறது.

வைத்தியம் என்ன என்று கேட்டேன். அவர் சொன்னது, நினைவில் இருக்கும் வரை:

வெட்டுவது மட்டும்: கூடாது. பெரும்பாலும் திரும்ப வரும், கூடுதலாகவே வரும். (வந்தாயிற்று.)

ஊசி: ஸ்டீராய்ட் மருந்தைத் தழும்புக்குள்ளேயே போடுவது. சில வாரத்துக்கு ஒரு முறை, பல மாதம். மெதுவாக மெத்தென்று ஆகி அமுங்கும். அரிப்பு முதலில் நிற்கும். அந்த இடம் வெளுக்கலாம், தோல் மெலியலாம்.

வெட்டி, அதன் பிறகு ஊசி: முதலில் ஊசிக்கு எப்படி அமுங்குகிறது என்று பார்த்து.

வெட்டி, கதிர்வீச்சு கொடுப்பது: சில பெரியவர்களுக்குச் செய்வதுண்டு. இந்த வயதுப் பெண்ணுக்கு நான் எழுதமாட்டேன் என்றார்.

அழுத்தம்: காதுக்கு ஒரு கிளிப். தீக்காயக்காரர்களுக்கு இறுக்கமான எலாஸ்டிக் சட்டை. வெட்டிய பிறகு போட்டால் உதவி.

உறைய வைப்பது: திரவ நைட்ரஜன். இங்கே செய்கிறீர்களா என்றேன். "லிக்விட் ஒழுங்காக வருவதில்லை" என்றார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார்.

எதுவும் செய்யாமல் விடுவது: அதுவும் ஒரு வழிதானாம். உயிருக்கு ஆபத்தில்லை.

மதி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது டாக்டரம்மா என்னைப் பார்த்து, "அவள் சரி என்று சொன்னால் வாருங்கள். நீங்கள் சொன்னால் போதாது," என்றார்.

வெளியில் இரானி ஹோட்டலில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். தின்றாள்.

17 ஜூன், புதன்

வேலையில் மனம் ஓடவில்லை. லிக்விட் வருவதில்லையாம்! அந்த லிக்விடைத்தானே நான் இந்தத் தார்நாகாவில் இத்தனை வருஷமாக வடித்துக்கொண்டிருக்கிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஃப்ளாஸ்கோடு வந்து வரிசையில் நிற்பது என் ஷெட் வாசலில். மிச்சத்தைத் தரையில் கொட்டுகிறோம், புகை கிளம்பி ஓடுகிறது. போன வருஷம் மதியின் வகுப்பு மொத்தமும் வந்தபோது ரோஜாப்பூவை முக்கி உடைத்துக் காட்டினேன். அன்று அவளுக்கு என்னைப் பற்றிப் பெருமைதான்.

லைப்ரரியில் ஒரு தடிப் புத்தகத்தில் பார்த்தேன். பஞ்சுக் குச்சியை முக்கி அழுத்தி வைக்கவேண்டும், வெள்ளையாக உறையும், விடவேண்டும். அவ்வளவுதானா? இதற்கா ஆஸ்பத்திரி?

செ.யின் தங்கை பாளையங்கோட்டையிலிருந்து எழுதியிருக்கிறாள்: வெங்காயச் சாறு. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள்: சுண்ணாம்பு. மதி இரண்டுக்கும் ஒரே பார்வைதான் பார்த்தாள்.

என் இடது புஜத்திலும் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் அம்மை குத்திய இடம், அவரைக்காய் மாதிரி நீளமாகத் தடித்து. இத்தனை காலம் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. மதிக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். மூக்கைத்தான் கொடுத்தேன் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

18 ஜூன், வியாழன்

செய்துவிட்டேன்.

சாப்பாட்டு வேளை. ஷெட்டில் நானும் மெக்கானிக் யூசுஃபும் மட்டும். சட்டையைக் கழற்றினேன். தழும்பின் மேல் பாதிக்கு மட்டும். கீழ்ப் பாதியைத் தொடவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. எந்தச் சோதனையிலும் ஒரு பகுதியைச் சும்மா விடவேண்டும் என்பது கூடவா தெரியாது எனக்கு.

யூசுஃப்: "கைக்கு சாப் யே சப்? டாக்டர் நை க்யா ஷெஹர் மே?" எதற்கு இதெல்லாம், ஊரில் டாக்டரே இல்லையா என்றான்.

"என் பெண்ணுக்கு. முதலில் எனக்குப் பார்க்கிறேன்."

"நக்கோ சாப். பைப் நை ஹை யே, ஆத்மி ஹை."

வேண்டாமாம்; இது குழாய் இல்லை, மனுஷனாம். கேட்கவில்லை நான். பஞ்சை வைத்ததும் சுரீர். அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த இடம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து, கல்லாகிவிட்டது. விரல் நகத்தால் தட்டினால் டக்கென்றது. கொஞ்ச நேரத்தில் உருகி, சிவந்து, பழையபடி ஆயிற்று. எவ்வளவு சுலபம்! ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், மதியைக் கூட்டிவரலாம் என்று கணக்குப் போட்டேன்.

சாயங்காலம் ஸ்கூட்டரை உதைக்கும்போதுதான் ஆரம்பித்தது. கொதிக்கும் எண்ணெய் தெறித்த மாதிரி. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஸ்கூட்டர் பிளக் மாற்றவில்லை.

19 ஜூன், வெள்ளி

கொப்புளம். எலுமிச்சம்பழத்தில் பாதி. உள்ளே ரத்தம் கலந்த நீர். கை தூக்க முடியவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். யூசுஃப் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கி வந்து வைத்தான். சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

சாயங்காலம் சட்டை ஒட்டிக்கொண்டது. கழற்ற முடியாமல் செ.யைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

"என்னதிது? என்ன செஞ்சி வச்சிருக்கீய?"

சொன்னேன்.

"கோட்டி பிடிச்சிட்டா உங்களுக்கு? புள்ளை காதுலயா இதைச் செய்யணும்னு இருந்தீய?"

"அதுக்குத்தானே முதல்ல எனக்குப் பார்த்தேன்."

"நல்லா பார்த்தீய."

மதி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. முகம் வெளுத்திருந்தது.

பிறகு, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். முதல் தடவையாகத் தமிழில் சண்டை. "போன தடவை நீங்க எல்லாரும் என்ன சொன்னீங்க? ஒண்ணுமே இருக்காது, நாளைக்கே மறந்துடுவன்னு. எல்லாருமே பொய் சொன்னீங்க, அப்பா. டாக்டர், அம்மா, நீங்க. இப்ப நானே பண்றேன்னு வந்துட்டீங்க. வலிக்காதுன்னுதானே சொல்லியிருப்பீங்க, ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போய்?"

ஆமாம். அப்படித்தான் சொல்லியிருப்பேன். வாயில் சோறு இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

21 ஜூன், ஞாயிறு

ஷெட்டுக்குப் போகவேண்டிய நாள். போகவில்லை.

கொப்புளம் தானே உடைந்துவிட்டது. டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டார்கள். என்ன ஆயிற்று என்றதற்கு "வேலையில்" என்றேன். பொய் இல்லை, நிஜமும் இல்லை.

காதைப் பற்றி யோசித்தேன். காது மடல் என்பது என்ன, ஒரு பூரி அளவு கனம்கூட இல்லை. புஜத்தில் சதை இருக்கிறது, தாங்கிற்று. மதியின் காதில் நான் அந்தப் பஞ்சை வைத்து அழுத்தியிருந்தால்? பயந்துபோனேன் என்று எழுதிவைக்கிறேன். இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்.

நான் ஏன் இவ்வளவு அவசரப்பட்டேன்? அவள் பட்டது போதும், ஒரே வீச்சில் முடித்துவிட வேண்டும் என்றுதான். அறுத்தபோதும் இதே எண்ணம்தான் எல்லோருக்கும். முடித்துவிட வேண்டும் என்று நினைத்தது நாங்கள். அது வளர்ந்தது அவள் காதில்.

மத்தியானம் முதல் மழை. கொட்டியது. கூலரை நிறுத்தினோம். சமையலறைக் கூரையில் ஒழுகல், பக்கெட் வைத்தாயிற்று. மதி மாடியில் நனைந்துவிட்டு வந்து தலை துவட்டினாள். என்னைப் பார்த்ததும் துண்டை இடது பக்கமாக இறக்கிக்கொண்டாள். அப்பாவுக்கே மறைக்கிறாள்.

27 ஜூன், சனி

தினமும் மழை. ரோடெல்லாம் சேறு. ஸ்கூட்டர் பிளக் ஒருவழியாக மாற்றினேன்.

மதியின் கல்லூரி திறந்துவிட்டது. ஒரு பக்கமாக முடியை இழுத்து, தளரப் பின்னி, காதை மூடிக்கொண்டு போகிறாள். பஸ் ஜன்னல் காற்றுக்குக் கையால் பிடித்துக்கொள்வாளாம். அவள் தோழி செ.யிடம் சொன்னது.

காலையில் கட்டு மாற்றும்போது செ. அடுப்படியில் வேலையாக இருந்தாள். ஒரு கையால் தடுமாறிக்கொண்டிருந்தேன். மதி வந்து பஞ்சைப் பிடுங்கிக்கொண்டாள். துடைத்தாள். நல்ல கை.

"கீழ்ப் பாதி அப்படியே இருக்கே?"

"அதைத் தொடல. ஒப்பிட்டுப் பாக்க."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா கோபமா தெரியவில்லை.

"மேல கொஞ்சம் அமுங்கியிருக்கு," என்றாள் பிறகு.

"ஆமா. ஆனா பாரு, வெள்ளையாயிடுச்சு."

"போகுமா?"

போகும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. "தெரியாது" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கட்டை ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

செ.யின் ஆவக்காய் நன்றாக வந்திருக்கிறது. பக்கத்து வீட்டம்மாளின் பக்குவம். திருநெல்வேலி ஊறுகாயை இனி யாரும் கேட்கமாட்டார்கள்.

11 ஜூலை, சனி

டாக்டரம்மாவிடம் நான் மட்டும் போவதாகத்தான் இருந்தேன், என் புஜத்தைக் காட்ட. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் பின்னால் மதி. புத்தகத்தோடு. "லைப்ரரிக்கு" என்றாள். அந்தப் பஸ் லைப்ரரிக்குப் போகாது.

டாக்டரம்மா புஜத்தைப் பார்த்தார். யார் செய்தது என்றார். நான்தான் என்றேன். பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "எங்கே வேலை?" சொன்னேன். "அதானே பார்த்தேன். உங்கள் லேபிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பாதி வைத்தியத்தை முடித்துக்கொண்டுதான் வருகிறீர்கள்." வெளியில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அன்று லிக்விடைப் பற்றி அவர் மேலும் சொன்னதை இன்று திருப்பிச் சொன்னார்: நம் போன்ற நிறத்தில் உறைய வைத்தால் அந்த இடம் வெளுத்துவிடலாம், சிலருக்கு அப்படியே நின்றுவிடும், எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் என்பது பழகிய கைக்குத்தான் தெரியும், காதில் இந்த மாதிரி செய்தால் மடலே போய்விடக்கூடும். நான் அன்றைக்கு "ஒழுங்காக வருவதில்லை" என்பதோடு காதை மூடிக்கொண்டுவிட்டேன்.

மதி அதுவரை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்தாள். தெலுங்கிலும் இங்கிலீஷிலுமாகக் கேட்டாள். எத்தனை மாதம்? (ஆறு, எட்டு, சொல்ல முடியாது.) முழுசாகப் போகுமா? (சிலருக்கு. பலருக்கு அமுங்கும், அடையாளம் இருக்கும்.) நிறுத்திவிட்டால்? (திரும்ப வளரலாம்.) திரும்பத் தோடு போடலாமா? (அந்தக் காதில் இனி ஒருபோதும் குத்தாதே. வேறெங்கும்கூட.) அப்படியானால் வலது காதிலும் வேண்டாம் என்றாள். மாமன் தோடு அவ்வளவுதான்.

இந்தக் கேள்விகளை எல்லாம் எத்தனை நாளாக உள்ளே வைத்திருந்தாளோ. போன வருஷம் அவளை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவிடவில்லை.

"மங்களவாரம் ரா," என்றார் டாக்டரம்மா அவளிடம். செவ்வாய்க்கிழமை வரச் சொல்கிறார். "ஆலோசிஸ்தானு," என்றாள். யோசிக்கிறாளாம். யோசிக்கட்டும்.

எனக்கும் சீட்டு எழுதித் தந்தார். தொடாத கீழ்ப் பாதியில் இப்போது அரிப்பு தொடங்கியிருக்கிறதே, வேண்டுமானால் அதற்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமாம்.

14 ஜூலை, செவ்வாய்

விட்டு விட்டுத் தூறல். காலையில் மதி குளித்துவிட்டு வந்து, "கிளம்பலாமா?" என்றாள். செ. சாமி விளக்கைக்கூட அணைக்காமல் புடவை மாற்றினாள். மூன்று பேரும் போனோம்.

ஊசி அறை. கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரிலிருந்து எடுத்தார்கள். மதி நர்ஸைக் கேட்டாள், வலிக்குமா என்று. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "ஏமி காது தல்லி, சீம குட்டினட்டு," என்றாள். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்குமாம்.

மதியின் முகம் கதவு சாத்துகிற மாதிரி சாத்திக்கொண்டது. ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். செ. அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"எனக்கு முதலில் போடுங்கள்," என்றேன். சீட்டைக் காட்டினேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், மதியைப் பார்த்தார், சரி என்றார்.

சட்டையைக் கழற்றி உட்கார்ந்தேன். தழும்பு கெட்டி, மருந்து சுலபத்தில் இறங்கவில்லை. டாக்டரம்மா கட்டை விரலை வைத்து அமுக்க வேண்டியிருந்தது. தோலுக்குள் யாரோ ஆப்பு அடிக்கிற மாதிரி. "எம்மா!" என்று கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர். நர்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதி ஊசியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

செ. மதிக்குப் பின்னாலிருந்து கண் ஜாடை காட்டினாள். எனக்குத் தெரியும் அது என்ன ஜாடை என்று.

"ரொம்ப வலிக்கு, மதி. பல்லு பிடுங்குற மாதிரி. மருந்து உள்ள போற வரைக்கும் வலிக்கு, எடுத்ததும் குறையுது. ஆனா நிக்கல, இப்பவும் விண்ணு விண்ணுங்குது. அடுத்த தடவையும் வலிக்கும்னுதான் நினைக்கேன்."

"போட்டா சரியாயிடுமா?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். எனக்குத் தெரியலம்மா."

"ஏங்க!" என்றாள் செ.

வெளியில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மதி பையை அம்மாவிடம் கொடுத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, முடியை மொத்தமாக அள்ளி வலது தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளாகவே அந்தக் காதைத் திறந்து காட்டுகிறாள். பாவம், சின்னக் காது.

பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். கொடுத்தேன். ஊசி இறங்கியது. அவள் கத்தவில்லை. மூச்சுக்கூட விடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலோரம். தார்நாகாவில் இறங்கி நடக்கும்போது, செ. முன்னால் குடையோடு போய்க்கொண்டிருந்தாள், மதி என்னிடம் மெதுவாகச் சொன்னாள், தமிழிலேயே: "உங்களுக்கு வலிச்ச அளவு எனக்கு வலிக்கலப்பா. நிஜமா."

பொய். என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த இடம் இதை எழுதும்போதும் எரிகிறது.